வலது பக்கம் ஒன்பது பட்டன்

ஜெயக்கொடி எனக்குக் கடைசியாகத் தைத்த உடுப்பில் பட்டன்களை ஏன் வலது பக்கம் வைத்தார்? என்னிடம் பதில் இல்லை. இதை எழுதி முடிக்கும்போதும் இருக்காது என்றே நினைக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை காலை பத்தரை மணிக்கு விழுப்புரத்தில் என் இடது மார்பிலிருந்து ஊசி வைத்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவைச் சொல்லப்போகிறார்கள். அந்த முடிவுக்கும் பட்டன்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், காலையிலிருந்து மூன்று முறை அந்த உடுப்பைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை, விழுப்புரத்தில் மார்புப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற நாம் கூடும்போது வாசிக்க, ஜெயக்கொடியைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். என் பெயர் போடாமல் இருந்தால் எழுதுகிறேன் என்றேன். காரணம் உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட காகிதங்கள் ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒருநாள் என் கல்லூரிக்கும் வந்து சேரும். ஐந்து வருடங்களுக்கு முன்பு வலது மார்பை எடுப்பதற்காக நான் நீண்ட விடுப்பில் போனபோது கர்ப்பப்பையை எடுத்ததாகத்தான் அங்கே சொன்னேன். கர்ப்பப்பை என்று சொன்னால் யாரும் மேலே எதுவும் கேட்பதில்லை. நடந்து போகும்போது நெஞ்சைப் பார்ப்பதில்லை. வகுப்பில் திரும்பி நின்று பலகையில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் மௌனம் விழுவதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

செய்தி ஒரு வியாழக்கிழமை வந்தது. திண்டிவனத்தில் நான் புள்ளியியல் கற்பிக்கும் கல்லூரியில் மூன்றாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜெயக்கொடியின் கணவர் சேகர் பகலில் என்னை அழைப்பவரல்ல. அதனால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

“டீச்சர், கொடி போயிடுச்சிங்க. இப்பதான். தண்ணி குடுத்துக்கினு இருக்கும்போதே.”

சரிங்க என்றேன். வேறு ஏதோ சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். பிறகு வைத்துவிட்டார். நான் உள்ளே போய், பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். முன் வரிசையில் ஒரு மாணவி, உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றேன். அந்தப் பதிலில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

உங்களில் பலருக்கு ஜெயக்கொடியை முதலில் பார்த்தது நினைவிருக்கும். எனக்கு அவரை முதலில் கேட்டதுதான் நினைவிருக்கிறது. கரன்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு வைக்கும் அறைக்கு எதிரே உடை மாற்ற ஒரு சிறிய அறை உண்டே, அதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். வலது கை தோள் உயரத்துக்கு மேல் எழவில்லை. நான் எப்போதும்போல் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். சிகிச்சை முடிந்து திரும்ப உடுத்தும்போது ரவிக்கைக்குள் வலது கை நுழைய மறுத்தது. வெளியே ஆறேழு பேர் வரிசையில் இருந்தார்கள். கதவு தட்டப்பட்டது.

“உள்ள யாருங்க? துணி மாத்திக்கினு இருக்கீங்களா, குடித்தனம் பண்ணிக்கினு இருக்கீங்களா?”

வெளியே சிரித்தார்கள். இதோ வருகிறேன் என்றேன். சிறிது நேரம் கழித்து மீண்டும் தட்டி, உள்ளே வந்து உதவட்டுமா என்று அதே குரல் கேட்டது. வேண்டாம் என்றேன். மூன்றாவது முறையும் கேட்டது. மூன்றாவது முறையும் வேண்டாம் என்றேன். கடைசியில் கொக்கிகளைப் போடாமலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். கதவருகே ஒல்லியாக, உயரமாக ஒருவர் நின்றிருந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“வேணாம் வேணாம்னு சொல்றதுக்கே கால் மணி நேரம் ஆவுது உங்களுக்கு. வாங்கன்னு சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷம்.”

அவர் போட்டிருந்ததைத்தான் நான் கவனித்தேன். வெளிர் நீலத்தில், சட்டைபோலக் காலர் வைத்து, கழுத்திலிருந்து கெண்டைக்கால் வரை முன்புறம் முழுவதும் பட்டன் வைத்த நீண்ட உடுப்பு; கீழே பேன்ட். தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. கையை உயர்த்த வேண்டியதில்லை. உள்ளே போனவர் நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து முடிப்பதற்குள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அது நைட்டியா என்று கேட்டேன். நைட்டி என்றால் இனி என்னிடம் பேசாதீர்கள், இது சட்டைக் கவுன் என்றார். நான் பார்த்தவரையில் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்த சில தருணங்களில் அது முதலாவது.

விழுப்புரத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடையில் அவர் துணி வெட்டுபவராக இருந்தார். அந்த வேலையில் துணிமேல் வைத்து வெட்டும் அட்டை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரே வடிவம்தான். ஓரத்தில் எவ்வளவு கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது என்பார். தனக்கு நோய் வந்தபோது அவர் சேகரின் பழைய சட்டை ஒன்றைத் தையல் பிரித்து, புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் வைத்து வரைந்து, கீழே கெண்டைக்கால் வரை நீட்டி வெட்டினார். நம் எல்லோருடைய உடுப்பும் அந்த ஒரு தாளிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஆண் சட்டையில் பட்டன் வலது பக்கம் இருக்கும். பெண் சட்டையில் இடது பக்கம். சீருடைக் கடையில் ஒரு நாளைக்கு நூறு முறை கையாளும் விஷயம். தன் கணவர் சட்டையை வைத்து வரைந்ததால் ஜெயக்கொடியின் உடுப்பில் பட்டன் வலது பக்கம் அமைந்துவிட்டது. அவருக்கு அறுவை சிகிச்சை இடது பக்கம். வலது கை நன்றாக இருந்தது. அதனால் அவருக்கு எந்தச் சிரமமும் தெரியவில்லை. இரண்டாவதாக அவர் தைத்தது எல்லம்மாவுக்கு. மரக்காணம் கடற்கரைக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வருவாரே, அவருக்கு. எல்லம்மாவுக்கு என்னைப்போல வலது பக்கம். அவர் அதைப் போட்டுக்கொண்டு வரிசையில் எங்கள் முன்னால் வந்து நின்றார், பாதி பட்டன் திறந்தபடி.

“இன்னா கொடி, உன் ஊட்டுக்காரரு சொக்காவ எனக்கு மாட்டி வுட்டுட்ட. வலையில மாட்டிக்கின மீனாட்டம் கீறேன், பாரு.”

எல்லோரும் சிரித்தோம். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. எல்லம்மாவின் கைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பட்டன்மேல் வைத்துப் பார்த்தார். மறுநாள் அத்தனை பட்டன்களையும் காஜாவையும் பிரித்து, பட்டியை இடம் மாற்றித் தைத்து எடுத்து வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு விதி உண்டாயிற்று.

“எந்தக் கை வேலை செய்யுதோ அந்தக் கைப் பக்கம் பட்டன். ஆம்பள, பொம்பள எல்லாம் அப்பறம்.”

எத்தனை பேருக்கு இப்படிப் போட்டுப் பார்த்தீர்கள், இதற்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்டேன். என் தொழில் அப்படிக் கேட்க வைக்கும். மூன்று பேர் என்றார். மூன்று பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். “நீங்க போட்டுப் பாருங்க, நாலாவும்” என்று டேப்பை எடுத்தார். அப்படித்தான் என் முதல் உடுப்பு வந்தது. எனக்கு இடது கை வேலை செய்தது. பட்டன் இடது பக்கம். வீட்டில் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தேன். யாரையும் கூப்பிடாமல் நானே உடுத்திக்கொண்டது அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவருக்குத் தொலைபேசியில் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒரு தாளிலிருந்து அவர் எத்தனை விதமாகத் தைத்தார் என்பதை நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தாலே தெரியும். கழுத்துத் தோல் கருகியவர்களுக்குக் காலரை எடுத்துவிட்டு மெல்லிய மல் துணியில் வட்டக் கழுத்து. வடிகால் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு உள்பக்கம் பாட்டில் வைக்க ஒரு பை. கை வீங்கியவர்களுக்கு ஒரு கை மட்டும் அகலம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி இன்னொரு கையிலும் மடிப்பு. எடுக்கப்பட்ட பக்கத்துக்கு உள்ளே ஒரு பை, அதில் வைக்கப் பருத்தித் துணியில் சிறு உருண்டை. பஞ்சு மட்டும் வைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறுகிறது என்று அதற்குள் கேப்பை போட்டுத் தைத்தார். சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் போடுவார். மழையில் நனைந்து முளைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“முளைச்சா களி கிண்டிக்கலாம் டீச்சர்.”

அன்று நான் சிரித்ததை இன்றும் வியப்போடு நினைக்கிறேன். அந்த வராந்தாவில் என் பெயரை எவரும் கேட்டதில்லை. டீச்சர் என்றே அழைத்தார்கள். நானும் சொல்லவில்லை.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. சிகிச்சை முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு சனிக்கிழமை கூடுதல் வகுப்பு. சேலை கட்டாமல் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். திண்டிவனம் பஸ் நிலையத்தில் உடன் வேலை பார்க்கும் இருவரோடு நின்றிருந்தேன். மஞ்சளில் சிறு பூப்போட்ட துணியில், அதே காலர், அதே தோள் வெட்டு, அதே கெண்டைக்கால் நீளத்தில் ஒருவர் எதிரே வந்தார். என்னைப் பார்த்தார். என் உடுப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்து, கையை நீட்டிக்கொண்டே கிட்டே வந்து, நீங்களும் விழுப்புரத்தில்தானே காட்டினீர்கள் என்று கேட்டார்.

“நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசறீங்க” என்றேன்.

அவர் என் பட்டன் பட்டியை ஒரு தரம் பார்த்தார். மன்னிச்சிக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். உடன் இருந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அவர் செவ்வாய்க்கிழமை உங்களோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அன்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான். இப்போது கேட்கிறேன்.

மறுவாரம் ஜெயக்கொடி வீட்டுக்குப் போனேன். என்னுடையது மற்றவர்களுடையதைப்போல் இருக்கக் கூடாது, பார்த்தால் அடையாளம் தெரியாதபடி மாற்றித் தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். பஸ் நிலையத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மஞ்சள் துணியா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பத்து நாளில் தைத்துத் தந்தார். கரு நீலம். காலர் இல்லை. பட்டன்கள் வெளியே தெரியாதபடி மேலே ஒரு மறைபட்டி. தோள் வெட்டையே மாற்றியிருந்தார். அவர் தைத்ததிலேயே மிக அழகான உடுப்பு அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அதை மடித்துக் கையில் கொடுக்கும்போது சொன்னார்.

“இதுல உங்கள யாராலயும் கண்டுபுடிக்க முடியாது டீச்சர். எங்களாலயும்.”

அதன்பின் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. சண்டை இல்லை. நான் அழைக்கவில்லை, அவரும் அழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு நோய் திரும்பி வந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்பது, அதைக் கண்டுபிடித்து நான்கு மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்களில் ஒருவர் என் எண்ணைத் தேடி வாங்கித் தகவல் அனுப்பினார். யார் அனுப்பியது என்று சொல்லத் தேவையில்லை, மஞ்சள் உடுப்புக்காரர்தான்.

விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டுக்கு நான் கடைசியாகப் போனது அவர் இறப்பதற்கு ஆறு வாரம் முன்பு. கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தையல் மிஷினை எட்டும் தூரத்துக்குக் கட்டிலோடு நெருக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு வாக்கியம் பேசி, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பேசினார். நான் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்குள் என் வலது கையைப் பார்த்துவிட்டார். கை வீங்கியிருக்கிறதே, பழைய உடுப்பின் கை இறுக்குமே, ஏன் சொல்லவில்லை என்றார். சேகரிடம் டேப்பை எடுத்துத் தரச் சொன்னார். வேண்டாம், நீங்கள் இப்போது தைக்க வேண்டாம் என்றேன்.

“ஆரம்பிச்சிட்டீங்களா, வேணாம் வேணாம்னு. கிட்ட வாங்க.”

கட்டிலுக்கு அருகே மண்டியிட்டு உட்கார்ந்தேன். வலது கையின் சுற்றளவை மூன்று இடத்தில் எடுத்தார். தோள், முதுகு. பிறகு மார்பைச் சுற்றி டேப்பை விட்டார். இடது அக்குளுக்குக் கீழே அவர் விரல் சற்று நின்றதாக எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. இந்த நினைவை நான் நம்பவில்லை. பிறகு நடந்தவற்றை வைத்து மனம் இப்படி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். மூச்சு வாங்குவதற்காக நின்றிருக்கலாம். நிற்காமலேகூட இருந்திருக்கலாம்.

அளவுகளைச் சேகர் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது ஜெயக்கொடி சொன்னார்: “அன்னிக்கு நீங்க கேட்ட மாதிரி தச்சிக் குடுத்தேன். இது என் இஷ்டத்துக்குத் தைப்பேன். ஒண்ணும் கேக்கக் கூடாது.” துணி நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, கேட்க மாட்டேன் என்றேன். நான் அவருக்குக் கொடுத்த வாக்குகளில் முழுவதுமாகக் காப்பாற்ற முடிந்தது அது ஒன்றுதான். கேட்பதற்கு ஆள் இல்லை.

அவர் போய் மூன்று வாரம் கழித்து என் வருடாந்தரப் பரிசோதனை. ஐந்தாவது வருடம். இது முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று எல்லோரும் சொல்லும் வருடம். படத்தில் இடது பக்கம் சிறிய நிழல் தெரிகிறது, ஊசி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். புதன்கிழமை மாலை சேகர் வேலை முடிந்து திண்டிவனத்தில் இறங்கி, ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததாம். பையின்மேல் ஜெயக்கொடியின் கையெழுத்தில் டீச்சர் என்று எழுதிய சீட்டு குத்தியிருந்தது. உட்காரச் சொன்னேன், டீ குடித்துவிட்டுப் போனார். ஊசி வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. இதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பிரித்தேன். வெளிர் நீலம். ஜெயக்கொடி முதல் நாள் போட்டிருந்த அதே நீலம், அதே காலர், மறைபட்டி இல்லாமல் வெளியே தெரியும் ஒன்பது வெள்ளைப் பட்டன்கள். வலது கை அகலமாக, என் அளவுக்கு. உள்ளே கேப்பைப் பை வலது பக்கம். எனவே இது எனக்குத்தான். வேறு யாருக்காவது தைத்தது தவறி என் பெயரில் வந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. ஆனால் பட்டன்கள் வலது பக்கம். இடது பக்கம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வைப்பதுபோல.

புதன்கிழமையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, கைத்தவறு. இருபது வருடம் பையன்களின் சட்டையை வெட்டிய கை, மூச்சு முட்டும் நேரத்தில், பழகிய பக்கமே போயிருக்கலாம். எவ்வளவோ பேருக்குத் தைத்ததில் ஒன்று தவறுவது இயல்பு. என் மாணவி யாராவது இந்த ஒரு நிகழ்வை வைத்து வேறு முடிவுக்கு வந்தால் நான் மதிப்பெண் தர மாட்டேன். இரண்டு, அவர் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. சொல்ல மனம் வரவில்லை. பட்டனை மாற்றி வைத்தார். இதை நான் நம்பவில்லை. அப்படித் தெரிந்திருந்தால் அவர் பட்டனில் சொல்லியிருக்க மாட்டார், அன்றே டாக்டரிடம் போகச் சொல்லிக் கத்தியிருப்பார். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

நம்பவில்லை என்று எழுதிவிட்டு, இடது அக்குளில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஊசி வைத்த இடம் கொஞ்சம் வலிக்கிறது. அது ஊசியின் வலி. என் கணவர் நாளை விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் ஜெயக்கொடியின் கணக்கு நினைவுக்கு வந்தது. கால் மணி நேரம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை மூன்று உடுப்புகள், தாராளமாகச் சிரித்த ஒரு பிற்பகல், எந்தக் கை வேலை செய்கிறதோ அதற்கு ஏற்றபடி பட்டன் என்ற விதி. பழுப்புத் தாளைச் சேகர் உங்களிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். அவர் தனக்கே விதித்துக்கொண்ட விதியை என் உடுப்பில் மட்டும் மீறியிருக்கிறார். அந்த மீறலையும் நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை. மேலே எழுதியதில் எதையும் மாற்றவில்லை. பெயர் வேண்டாம் என்று சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். தனியாக எழுதி அனுப்புகிறேன், கீழே போட்டுவிடுங்கள். இன்று நடந்தது இது.

காலையில் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டேன். வலது கை விரல்கள் வீங்கியிருந்ததால் பட்டன் பிடிபடவில்லை. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டதில் இருபது நிமிடம் ஆயிற்று. ஏழரை மணி பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசை நீண்டிருந்தது. அங்கேயே அரை மணி நேரம் நின்றோம். கூட்டத்தில் இரண்டு பேர் என் பட்டன்களைப் பார்த்ததாகத் தோன்றியது. பார்த்திருக்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் பத்தரைக்குக் கூப்பிடவில்லை. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் முதலில் ஊசி வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உடுப்பைக் கழற்றி, அவர்கள் தந்த அங்கியைப் போட்டுக்கொண்டு மேசையில் படுத்தேன். பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். கழுவி, துடைத்து, பிறகு கோப்பைத் திறந்து படித்தார். புற்று இல்லை என்றார். சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார்.

உடை மாற்றும் அறை அதே அறை. தாழ்ப்பாள் இன்னும் சரியாக விழுவதில்லை. உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டேன்.  காலையில் இருபது நிமிடத்தில் முடிந்தது இப்போது ஒரு பட்டன்கூட முடியவில்லை. வலது கை எட்டியும் பிடிக்கவில்லை. இடது கை பிடித்தும் நிற்கவில்லை. கதவு தட்டப்பட்டது. உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு பெண் கேட்டார். இருக்கிறேன் என்றேன். மறுபடி தட்டினார். வாய் வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, “கொஞ்சம் உள்ள வாங்க. பட்டன் போட முடியல” என்றேன்.

வந்தவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் என்று பிறகு சொன்னார். இன்றுதான் அவருக்கு முதல் கரன்ட். சேலைமேல் துண்டைப் போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன்னால் குனிந்து கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்கினார்.

“இன்னாக்கா இது, ஆம்பள சட்ட மாரி இந்தப் பக்கம் வெச்சிக்கினு கீறாங்க?”

“எனக்குத் தெரியல. தச்சவங்க இப்ப இல்ல.”

நாலைந்து பட்டன் போட்டார். பிறகு தலை நிமிராமல், உங்களுக்கு எந்தப் பக்கம் அக்கா என்று கேட்டார்.

“வலது பக்கம். அஞ்சு வருஷம் ஆச்சு” என்றேன். கதவு பாதி திறந்திருந்தது. வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

அஞ்சு வருஷமா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கை சற்று நின்று, மீண்டும் மேலே வந்தது. எட்டாவது பட்டன் முடிந்ததும், கழுத்துப் பட்டனை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அதையும் போட்டு, காலரைச் சரியாக மடித்துவிட்டார்.